பசியும் வேட்கையும்: மணிமேகலை உரைக்கும் துன்பத் தோற்றம்

கார்த்திகைத் தீபத்திற்கும் பௌர்ணமி வலத்திற்கும் நம் திருவண்ணாமலைக்கு வருவோர்க்கு அன்னமிடும் அறத்தினர் பலர். அவ்வரிசையில் இலைமுன் அமர்ந்த ஏழை ஒருவனை நோக்கி, "ஆசையே துன்பத்திற்குக் காரணம், அதனை ஒழித்துவிடு" என்று ஒருவர் உபதேசிப்பின் அது தகுமோ? பௌத்தம் இங்ஙனமே கூறுகின்றதென நம் மாணவருள் பலர் எண்ணியிருக்கின்றனர். பரீட்சைக்கென மனனஞ் செய்த ஒற்றை வாக்கியம் விளைக்கும் தீங்கு இது. உண்மை யாதென ஆராய்தற்கு நாம் பாலி நூல்களைத் தேடிச் செல்லவேண்டுவதில்லை. உ. வே. சாமிநாதையர் 1898-ஆம் ஆண்டில் பதிப்பித்த மணிமேகலையே போதும். அதன் இறுதிக் காதைகள் நிகழும் காஞ்சிமாநகரும் நமக்குத் தொலைவிலுள்ளதன்று.

அக்காப்பியத்தின் 30-ஆம் காதையில் அறவண அடிகள் துன்பம் தோன்றும் முறையைப் பன்னிரு நிதானங்களாக வைத்து விளக்குகின்றார். அவற்றுள் முதற்கண் எண்ணப்படுவது ஆசையன்று, பேதைமை. கண்ணாற் கண்டதனை மறந்து, முயலுக்குக் கொம்புண்டு எனப் பிறர் சொல்லக் கேட்டு நம்புதல் போன்ற மயக்கமே பேதைமையாம். பேதைமையினின்று நல்வினை தீவினைகளாகிய செய்கை பிறக்கும். இடையிலுள்ளவற்றைச் சுருங்கக் கூறின், உணர்வும் உடம்பும் பொறிகளும் அமைந்து புலன்களைச் சாரும். அச்சார்பே ஊறு எனப்படுவது. ஊற்றினால் இன்பதுன்ப நுகர்வும், நுகர்வினால் வேட்கையும், வேட்கையினால் பற்றும் உண்டாம். பிறப்பும் பிணிமூப்புச் சாக்காடுகளும் அதன்வழி வருவன. ஆகவே ஆசையென நாம் வழங்கும் வேட்கை அச்சங்கிலியின் எட்டாங் கண்ணியேயாகும்.

பசியோ வேட்கையன்று, உடம்புடையார்க்கு நேரும் துன்ப நுகர்வு அது, உண்டால் அடங்குவது. நுகர்ந்தும் நிறைவெய்தாமையே வேட்கையின் இலக்கணம். உதயகுமரன் கதையை நோக்குக. மணிமேகலை தன்னை மறுத்தும் அவன் விட்டானல்லன். காயசண்டிகையின் வடிவங் கொண்டிருந்தவளையும் நாடிச் சென்றான். அது வேட்கை. காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன் அவளைத் தன் மனைவியே என்று மயங்கி அரசகுமரனை வாளால் வீழ்த்தினான். அது பேதைமை. ஒரு கொலையிலேயே இரு காரணங்களையும் புலவர் சாத்தனார் அமைத்துக் காட்டிய திறம் வியக்கற்பாலது.

"பசித்திருப்பவன் தன் முன்வினைப் பயனை அனுபவிக்கின்றான், நாம் என் செய்வது?" எனக் கூறி ஒதுங்குவாரும் உளர். இந்நூலும் பழவினையைப் பலகாற் பேசுவதே. எனினும் அதனை ஒதுங்குதற்குரிய காரணமாகக் கொண்டதில்லை. மழையின்றி வாடிய காஞ்சியில் மணிமேகலை புகுந்தபோது, வந்தவர் வினையை வினவினாளல்லள். அமுதசுரபியை ஏந்தி ஊனமுற்றோர்க்கும் வறியோர்க்கும், விலங்குகட்குமே உணவளித்தாள். அது 28-ஆம் காதை. அறவண அடிகளிடம் அவள் தருமங் கேட்டது அதன்பின்னரே.