ஒரே பாட்டு, இரண்டு ஜோடி ஸ்பீக்கர்

கிருஷ்ணன்கோவிலில் வாடகை வீடெடுத்துக் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளே, கம்ப்யூட்டர் பாட்டு முன்னறையிலும் சமையலறையிலும் ஒருசேரக் கேட்க வேண்டுமா? இரண்டும் பிளக்கில் மாட்டும் ஸ்பீக்கர் என்றால் 3.5 மி.மீ. ஸ்ப்ளிட்டர் ஒன்று போதும். நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒன்று யூஎஸ்பி ஸ்பீக்கரா? விண்டோஸின் சவுண்ட் அமைப்பில், ரெக்கார்டிங் பகுதியில் 'ஸ்டீரியோ மிக்ஸ்' இருந்தால் அதை இயக்கி, 'லிசன்' பகுதியில் இரண்டாவது ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். மேக்கில் 'ஆடியோ மிடி செட்டப்' போய் 'மல்டி அவுட்புட் டிவைஸ்' உருவாக்கலாம்.

ப்ளூடூத்தை மட்டும் கலக்காதீர்கள். ஒலி பிந்தி வந்து எதிரொலிக்கும். பழைய ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்: 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே முனையில் இணையாக மாட்டினால் 4 ஓம் ஆகிவிடும். அதைத் தாங்காத ஆம்ப்ளிஃபயர் சூடாகிப் பழுதாகும்.