பாங்காக்: மணி பார்த்துப் போங்கள்

முதல்முறை பாங்காக் போகிற பிள்ளைகள் எங்கே போவது, என்ன சாப்பிடுவது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தோன்றியதைச் சொல்கிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. ஒரு நாளைக்கு ஏழு இடம் என்று பட்டியல் போடாதீர்கள். போட்டால் பாதிப் பொழுது டாக்சிக்குள்தான் போகும். அந்த ஊரில் எங்கே போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதுதான் பெரிது. காலையில் ஓரிடம், இருட்டிய பிறகு ஓரிடம். நடுவில் இருக்கும் வெயிலோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

2. ஆற்றோரம் இருக்கும் பெரிய அரண்மனை காலை 8.30 மணிக்குத் திறக்கும். திறக்கும்போதே வாசலில் இருங்கள். பஸ் கூட்டம் வந்துவிட்டால் முன்னால் போகிறவர் முதுகைத்தான் பார்க்கலாம். கட்டணம் 500 பாத். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அரண்மனை வளாகத்துக் கோயிலில் மரகத புத்தரைக் கும்பிட்டதும் எல்லோரும் வெளியே ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். சுற்றுப் பிராகாரச் சுவர் முழுக்க 178 ஓவியங்களில் தாய்லாந்து மக்களின் ராமாயணமான ராமகியன் விரிகிறது. அங்கே அனுமன் வெள்ளைக் குரங்கு, பிரம்மச்சாரியும் இல்லை. பாலம் கட்டப் போட்ட கற்களைத் திருடவந்த கடற்கன்னி சுவன்னமச்சாவிடம் மனதைப் பறிகொடுக்கிறார். அவள் ராவணன் மகள் வேறு! நம் வீட்டுப் பாட்டிகள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

3. வாசலுக்குச் சற்று முன்னால், பளிச்சென்று உடுத்திய ஒருவர், "இன்றைக்கு அரண்மனை மூடல்" என்பார். டுக்டுக்கில் 20 பாத்துக்கு நாலு கோயில் காட்டுவதாகச் சொல்வார். அந்த வண்டி கடைசியில் நகைக்கடையிலோ தையல் கடையிலோ போய் நிற்கும். சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

4. கூடியவரை தண்ணீரில் போங்கள். சபான் தக்சின் ரயில் நிலையத்துக்குக் கீழேயே சாத்தோன் படகுத்துறை. ஆரஞ்சுக் கொடிப் படகு 20 பாத்துக்குள் ஆற்றோரக் கோயில்களுக்குக் கொண்டுபோய் விடும். தா தியெனில் இறங்கினால் 46 மீட்டர் நீளத்தில் புத்தர் சயனித்திருக்கும் வாட் போ. எதிர்க்கரை வாட் அருணுக்குச் சின்னப் படகு.

ஆனால் என் ஓட்டு சென்செப் கால்வாய்ப் படகுக்குத்தான். தண்ணீர் கறுப்பு, வாடையும் உண்டு. எதிரே இன்னொரு படகு வந்தால் ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்துப் பிளாஸ்டிக் திரையை உயர்த்த வேண்டும். இல்லையென்றால் எல்லோருக்கும் அபிஷேகம்தான். தலைக்கவசம் போட்ட கண்டக்டர் படகின் வெளி விளிம்பிலேயே நடந்து வந்து டிக்கெட் கிழிப்பார். பாலம் தாழ்வாக இருந்தால் கூரையே கீழிறங்கும்.

5. ஒரே ஒரு பண்டம் மட்டும் விற்கிற தள்ளுவண்டியைத் தேடுங்கள். அலுவலகம் போகிறவர்கள் வரிசையில் நின்றால் யோசிக்கவே வேண்டாம். பாட் கிராபாவ் கேளுங்கள். கொதிக்கும் சட்டியில் பூண்டும் மிளகாயும் பொரிகிற நெடிக்கு நாம் தும்முவோம். கடைக்காரம்மா தும்ம மாட்டார். கொத்துக்கறி வெந்ததும் கடைசியில் ஒரு கைப்பிடி துளசி. ஆமாம், நம் மாடத்துத் துளசியேதான். சோற்றின் மேல் ஓரம் மொறுமொறுத்த முட்டை. கரண்டியால் சாப்பிடுங்கள், முள்கரண்டி தள்ளிக்கொடுக்க மட்டும். நூடுல்ஸ் மேசையில் சர்க்கரை, மிளகாய்த்தூள், மீன் சாறு, மிளகாய் ஊறிய வினிகர் என்று நாலு கிண்ணம் இருக்கும். முதலில் ருசி பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

6. சைவமா? "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது, மீன் சாறு வந்துவிடும். பப்பாளிக்காய் சாலட்டிலும் உலர்ந்த இறால் இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் "ஜே" கடையைப் பாருங்கள். முட்டை, பால் மட்டுமில்லை, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது.

7. மதியம் ஏசி மாலுக்குள் ஒதுங்குங்கள். அசோக்கில் டெர்மினல் 21 மாலின் உணவுக்கூடம் மலிவு. அட்டையில் பணம் ஏற்றித்தான் வாங்க வேண்டும். மீதியை மறக்காமல் திருப்பி வாங்குங்கள்.

8. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பொது இடங்களில் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லோரும் நின்றால் நீங்களும் நில்லுங்கள். அரசரைப் பற்றி விளையாட்டுக்குக்கூட ஒரு வார்த்தை வேண்டாம், சிறைவாசம் வரை போகும்.

9. சீலோம் சாலை மாரியம்மன் கோயிலில் மாலை போட்டுக் கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள். அதற்கே ஆச்சரியப்பட்டால், ராட்சத ஊஞ்சலுக்குப் பக்கத்தில் 1784-இல் கட்டிய தேவஸ்தானம் என்ற பிராமணர் கோயிலுக்கும் போங்கள். அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் அங்கே நடத்தும் சடங்கில் திருவெம்பாவை ஒலிக்கிறது. அந்த ராட்சத ஊஞ்சலில் ஆடும் விழா மட்டும் 1935-இல் நின்றுவிட்டது.

10. யாவ்வராத் சீனத்தெருவுக்கு இருட்டிய பிறகுதான் உயிர் வரும். மிஷலின் உணவு வழிகாட்டியில் வந்த பெயருக்காக ஒரே கடையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்காதீர்கள். அந்த நேரத்தில் நாலு கடை ருசி பார்க்கலாம். திங்கட்கிழமை பல தள்ளுவண்டிகளுக்கு விடுமுறை, விமான டிக்கெட் போடும்போதே நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.