செவ்வணிலை வீழ்த்தியது எது?

கேள்வி: ஐயா, என் மகள் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். இங்கிலாந்தில் வெளிநாட்டு அணில் வந்து உள்ளூர் அணிலை அழித்த கதையைக் கணக்குப் போட்டே விளக்கிவிட்டார்கள் என்கிறாள். அணிலுக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? கஜா புயலுக்குப் பிறகு எங்கள் தோப்பிலும் அணில் குறைந்ததுபோல் தெரிகிறது. நமக்கும் அந்த ஆபத்து உண்டா?
– ஒரு வாசகர், கீரமங்கலம், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: உங்கள் மகள் சொன்னது சரிதான். பிரிட்டனின் சொந்த அணில் செவ்வணில். வட அமெரிக்காவின் சாம்பல் அணிலை 1876-இல் செஷையரில் ஒரு பண்ணைத் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார்கள். இன்று இங்கிலாந்தின் பெரும்பகுதியில் செவ்வணிலைப் பார்க்கவே முடியாது.

சாம்பல் அணில் உருவில் பெரியது, ஓக் மரக் கொட்டையை நன்றாகச் செரிக்கும். ஆகவே இரைக்கான போட்டியில் செவ்வணில் தோற்றது என்றே வெகுகாலம் நம்பினார்கள். 2003-இல் டாம்ப்கின்ஸ், வைட், பூட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்த நம்பிக்கையைச் சமன்பாடாக எழுதிச் சோதித்தார்கள். ஒரு நிலம் எத்தனை அணிலைத் தாங்கும், ஆண்டுக்கு எத்தனை பிறக்கும், எத்தனை சாகும் என்பவை அதில் எண்களாக இருந்தன. ஒரு சாம்பல் அணில் 1.65 செவ்வணிலுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது போட்டிக்கான எண்.

போட்டியை மட்டும் வைத்துக் கணக்கிட்டபோதும் செவ்வணில் தோற்றது. ஆனால் நார்ஃபோக் மாவட்டத்தில் 1960 முதல் 1982 வரை பதிவான வேகத்துக்கு அது ஈடாகவில்லை. அடுத்து அணில் அம்மை என்ற வைரஸ் நோயைச் சேர்த்தார்கள். சாம்பல் அணில் இந்த வைரஸைச் சுமந்து, நான்கு வாரத்தில் தேறி, எதிர்ப்புச் சக்தியும் பெற்றுவிடும். செவ்வணிலுக்குக் கண், வாய், பாதங்களைச் சுற்றிப் புண் வந்து, இரண்டே வாரத்தில் உயிர் போய்விடும். இதைச் சேர்த்ததும் கணக்கும் களப்பதிவும் ஒத்துப்போயின.

இன்னொன்றையும் கவனியுங்கள். செவ்வணில் மட்டும் வாழும் காட்டில் இந்த நோய் நிலைக்காது. பிற அணில்களுக்குப் போதிய அளவில் தொற்றுமுன்பே நோயுற்ற அணில் இறந்துவிடும். நோயை அணையாமல் காப்பது சாம்பல் அணில்தான். இங்கிலாந்தின் ஃபார்ம்பி கடற்கரையில் 2008-இல் அம்மை பரவி ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் செவ்வணில்கள் மாண்டன. பிறகு அவை மெல்ல மீண்டும் பெருகின.

காரணம் தெரிந்தால் எங்கே கைவைப்பது என்பதும் தெரியும். வேல்ஸின் ஆங்கில்சி தீவில் 1998 முதல் சாம்பல் அணிலைப் பிடித்து அகற்றினார்கள். அவை குறையக் குறைய அம்மையும் அருகியது. சில பத்தாக இருந்த செவ்வணில் இன்று பல நூறு.

இந்தக் கணக்கின் வேர் நம் நாட்டையும் தொட்டது. தொற்றுநோய்ச் சமன்பாடுகளுக்கு அடித்தளமிட்ட கெர்மாக், மெக்கெண்ட்ரிக் இருவரும் 1927-இல் அவற்றைப் பம்பாயின் 1905–06 பிளேக் மரணங்களோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். மெக்கெண்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர்.

இனி உங்கள் தோப்பு. முதுகில் மூன்று கோடு போட்ட நம் அணிலோடு போட்டியிட அயல்நாட்டு அணில் எதுவும் புதுக்கோட்டையில் இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா சாய்த்த தென்னையும் பலாவும் அணிலுக்குக் கூடும் இரையுமாக இருந்தவை. உங்கள் தோப்பில் அணில் உண்மையிலேயே குறைந்திருந்தால், நிலம் தாங்கும் அளவு என்ற எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு மருந்து மரம் நடுவது.

நாம் அஞ்ச வேண்டியது மனிதர் கையால் நடக்கும் குடியேற்றத்தைத்தான். வடஇந்தியாவின் ஐந்துகோட்டு அணிலே 1898-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர விலங்குக்காட்சிச் சாலையிலிருந்து வெளியேறி அங்கே பெருகியிருக்கிறது. கடையில் வாங்கிய அயல் விலங்கை வளர்க்க முடியாமல் யாரும் தோப்பில் விட்டுவிடக் கூடாது.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். மாதம் ஒருநாள், அதே காலை நேரத்தில், அதே தென்னை வரிசைகளில் நடந்து, கண்ணில் படும் அணில்களை எண்ணி நோட்டில் குறிக்கட்டும். எண்ணிக்கை இல்லாமல் எந்தச் சமன்பாடும் ஓடாது. ஓரிரு ஆண்டுப் பதிவு சேர்ந்தால், அணில் குறைகிறதா, மீள்கிறதா என்பதை ஊகமாக அல்ல, கணக்காகவே அவள் உங்களுக்குச் சொல்வாள்.