அடைமுட்டைகளை ஒளியிற் சோதித்தல்

வீட்டிற் கோழி வளர்ப்போர் முட்டைகளை அடைவைத்து 21 நாட்கள் காத்திருந்தபின், அவற்றுட் பல கூழாய்ப் போயின எனக் கவலையுறுதல் உண்டு. இதனால் ஏற்படும் நட்டம் முட்டைகளின் விலை மாத்திரமன்று. அடையிருக்கும் பேடு அக்காலத்தில் முட்டையிடாது. ஆதலால் குஞ்சும் இன்றி, முட்டையும் இன்றி நாட்கள் வீணாகின்றன. முட்டைகளை உரிய நாளில் ஒளியிற் சோதித்தால் பயன்படாதவற்றை முன்கூட்டியே நீக்கலாம். அன்றியும், குறை எங்கே நேர்ந்தது என்பதையும் அறிந்து அடுத்தமுறை திருத்திக்கொள்ளலாம்.

முட்டைகளைத் தெரிதல்

சேவலுடன் திரியும் பேடுகள் இட்ட முட்டைகளே பொரிக்கும். 8 முதல் 10 பேடுகளுக்கு ஒரு நல்ல சேவல் போதுமானது. கடைகளில் விற்கப்படும் பண்ணை முட்டைகள் பெரும்பாலும் சேவலின்றி வளர்க்கப்படும் பேடுகளின் முட்டைகளாதலால் அடைக்கு உதவா.

நடுத்தர அளவும் வெடிப்பற்ற ஓடும் உடைய முட்டைகளைத் தெரிக. அவற்றைக் கழுவலாகாது. கழுவினால் ஓட்டின் மேலுள்ள காப்புப்படை நீங்கி, நுண்துளைகள் வழியே கிருமிகள் உட்புகும்.

சுமார் 21 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் முட்டையிலுள்ள முளையம் அரைகுறையாக வளரத் தொடங்கி நலிவடையும். எமது தாழ்நிலப் பகுதிகளில் வெப்பம் இதனினும் மிகுதியாகையால், முட்டைகளை வீட்டின் குளிர்ந்த மூலையில், கூரிய முனை கீழாக இருக்கும்படி வைத்து, 4 அல்லது 5 நாட்களுக்குள் அடைவைத்தல் நன்று. ஒவ்வொரு முட்டையிலும் இட்ட திகதியையும் பேட்டின் அடையாளத்தையும் பென்சிலாற் குறித்துக்கொள்க.

சோதிக்கும் முறை

முதற்சோதனையை 7ஆம் நாள் இரவிற் செய்க. ஒரு சிறு கடதாசிப் பெட்டியில் முட்டையின் பருமனிலும் சிறிதாக, ஏறக்குறைய 3 சதமமீற்றர் அகலமான துளையிட்டு, அதனுள் ரோச் எனப்படும் மின்சூளை ஒளிரவைக்க வேண்டும். அறையை இருளாக்கி, முட்டையின் பரந்த முனையைத் துளையின்மேற் பிடித்து மெதுவாகச் சுழற்றுக. வெள்ளை ஓட்டினுள் எளிதிற் பார்க்கலாம். கபில நிற ஓட்டுக்குக் கூடிய ஒளி தேவை. ஒரு பேட்டின் முட்டைகளைப் பத்து நிமிடத்துள் பார்த்து முடித்து, மீண்டும் அடையில் வைத்துவிட வேண்டும்.

காணப்படுவனவும் காரணங்களும்

1. சிலந்தியின் கால்கள் போன்ற சிவந்த நரம்புகளும் நடுவே ஒரு கரும்புள்ளியும் தோன்றினால், முளையம் உயிருடன் வளர்கின்றது.

2. முட்டை முழுதும் தெளிவாக இருந்தால், அது பெரும்பாலும் கருக்கட்டாதது. இத்தகையவை பலவாயின் சேவல் முதுமையடைந்ததா, பேடுகள் அளவுக்கு மிஞ்சினவா எனக் கவனிக்க வேண்டும்.

3. நரம்புகளின்றி ஒரு சிவந்த வளையம் மாத்திரம் தென்பட்டால், முளையம் தொடக்கத்திலேயே இறந்துவிட்டது. முட்டைகளை நெடுநாள் வைத்திருத்தல், வெயிற் சூடு, குலுக்கம், பேடு அடையை விட்டு நீங்குதல் ஆகியன இதற்குக் காரணங்களாகலாம்.

14ஆம் நாள் மறுபடியும் சோதிக்குமிடத்து, உயிருள்ள முட்டை வளியறை தவிர்ந்த பாகமெல்லாம் இருண்டு காணப்படும். உள்ளே கலங்கி ஆடுவதும் துர்நாற்றம் வீசுவதும் கூழ்முட்டைகளாம். அவை வெடித்தால் ஏனைய முட்டைகளிலும் கிருமி பரவுமாதலால், பக்குவமாக எடுத்துப் புதைத்துவிடுக.

இரு பேடுகளை ஒரே நாளில் அடைவைத்தல்

ஓர் ஊர்ப்பேடு 10 முதல் 12 முட்டைகளை நன்கு மூடும். இரு பேடுகளை ஒரே நாளில் அடைவைத்தால், 7ஆம் நாட் சோதனையிற் கழிந்தவைபோக எஞ்சியவற்றை ஒரு பேட்டின்கீழ்ச் சேர்க்கலாம். மற்றப் பேட்டுக்குப் புதிய முட்டைகளை வைக்கலாம். அல்லது அதன் அடையைக் கலைத்து மீண்டும் முட்டையிடச் செய்யலாம்.

பொறியில் வைப்போருக்கு

காற்றாடி பூட்டிய அடைகாக்கும் பொறியில் வெப்பம் 37.5 பாகை செல்சியசாக இருத்தல் வேண்டும். முட்டைகளை நாடோறும் 3 அல்லது 5 முறை திருப்புக. ஒற்றைப்பட எண்ணாகத் திருப்பினால், நீண்ட இராப்பொழுதில் ஒரே பக்கம் நாடோறும் மேலாக இராது. மின்சாரம் தடைப்பட்டாற் பொறியைத் திறவாது கம்பளியால் மூடுக; காற்றுத்துளைகளை மாத்திரம் அடைத்துவிடலாகாது.

18ஆம் நாளின் பின்னர் முட்டைகளைத் திருப்பலாகாது. நீர்த்தட்டுகளை நிரப்பி ஈரலிப்பைக் கூட்டி, பொறியை மூடியே வைக்க வேண்டும். முற்றாக வளர்ந்த குஞ்சுகள் ஓட்டினுள்ளேயே இறந்து காணப்பட்டால், ஈரலிப்பிலோ திருப்புதலிலோ குறை நேர்ந்திருத்தல் கூடும். ஓட்டை உடைத்துக் குஞ்சை வெளியே எடுக்க முயலுதல் தீங்காகும். பொரித்த குஞ்சு, உடலினுள் ஈர்த்துக்கொண்ட மஞ்சட்கருவைக் கொண்டு ஒரு நாள் உணவின்றி இருக்கவல்லது.

ஒவ்வொரு முறையும் வைத்தவை, தெளிந்தவை, இறந்தவை, பொரித்தவை எத்தனையென ஒரு கொப்பியில் எழுதிவருக. இரண்டு மூன்று அடைகளின் கணக்கை ஒப்புநோக்கின், குறை சேவலிலோ, முட்டைகளைச் சேர்த்துவைத்த முறையிலோ, அடையிலோ என்பது தானே புலப்படும்.