தொண்டை அடைப்பான் கிருமியும் தொட்டிற் குழந்தையும்

இடவப்பாதி மழைக்கு முன்னர் எருமைகளுக்கும் பசுக்களுக்கும் தொண்டை அடைப்பான் தடுப்பூசி போடுவதன் அவசியத்தை நெய்யூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. கடும் ஜுரங் கண்டு, தொண்டை வீங்கி, மூச்சுத் திணறும் எருமை ஒரு நாளைக்குள்ளாகவே மடிந்துபோகக் கூடும். அந்நோயை உண்டாக்குவது பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்னும் கிருமி. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1880-ம் ஆண்டையொட்டிக் கோழிக் காலராவை ஆராய்ந்து, வீரியங் குறைந்த கிருமியைக் கொண்டே கோழிகளைக் காக்கலாமெனக் கண்டதும் இக்கிருமியிடத்திலேயாம். 1887-ல் இதன் இனத்திற்கு அவர் பெயரே இடப்பெற்றது.

இக்கிருமியின் வேறு வகைகள் பூனை, நாய் இவற்றின் வாயில், அவற்றிற்கு யாதொரு தீங்குமின்றி வாசஞ் செய்கின்றன. கடியும் நகக்கீறலும் பட்ட இடம் சீழ்கொள்வதே மனிதருக்கு இதனால் வழக்கமாக நேருவது. ஆயினும் மிக அபூர்வமாக, ஒரு வயது நிரம்பாத குழந்தைகளிடம், இஃது இரத்தத்திற் கலந்து மூளையைச் சூழ்ந்த உறையைத் தாக்குகிறது. பல நாட்டு வைத்தியர்கள் எழுதிவைத்துள்ள நேர்வுகள் பலவற்றில் குழந்தையின் உடலில் கடியின் அடையாளமே இல்லை. வளர்ப்புப் பிராணி முகத்தையோ கையையோ நக்கியதே காரணமாகக் கருதப்பட்டது. மாட்டைக் கொல்லும் வகை வேறாகையால், தொழுவத்து நோய் தொட்டிலுக்குத் தாவுமென்று அஞ்ச வேண்டுவதில்லை. எலிக்காகப் பத்தாயத்தருகே பூனை வளர்ப்பதும் குற்றமன்று. அது தொட்டிலில் ஏறிப் படுப்பதைத்தான் தடுக்கவேண்டும்.

பெரியவர்களுக்குப் போலக் கழுத்து விறைப்பது பச்சிளங் குழந்தையிடம் தெளிவாகத் தோன்றாமலிருக்கலாம். பால் மறுத்தல், ஓயாத அழுகை, எழுப்பினும் விழியாத மயக்கம், ஜுரம், உச்சிக்குழி புடைத்தல், வலிப்பு ஆகியவை குறிகள். இதை மாந்தமென்றெண்ணிக் கஷாயம் புகட்டி இரண்டு நாள் கழிப்பதிலேதான் பேராபத்து. மாட்டு நோயில் மணிக்கணக்கு எவ்வளவு முக்கியமோ, இதிலும் அவ்வளவே. 1838-ல் ஆரம்பமான மிஷன் ஆஸ்பத்திரி நெய்யூரிலேயே உள்ளது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் உண்டு.

முதுகுத்தண்டு நீரைப் பரிசோதித்தே நோய் நிர்ணயிக்கப்படும். அந்நீரை நுண்ணோக்கியிற் காணுங்கால் இக்கிருமி ஹீமோபிலஸ் என்னும் பிறிதொரு கிருமியைப் போலத் தோன்றி மயக்குவதுண்டு. ஆகையால் வீட்டில் நாய், பூனை இருப்பதைப் பெற்றோர் கேளாமலே டாக்டரிடம் சொல்லவேண்டும். பென்சிலின் வகை மருந்துகளுக்கு இது பெரும்பாலும் கட்டுப்படும். தாமதித்தால் உயிர் தப்பினும் செவிட்டுத்தன்மையோ வலிப்போ எஞ்சக்கூடும்.

மாட்டுக்குரிய தடுப்பூசி குழந்தைக்கு உதவாது. குழந்தைக்கென இதற்குத் தடுப்பூசியும் இல்லை. கிராம அலுவலர்கள் மாட்டு ஊசி முகாமை அறிவிக்கும்பொழுதே, பிள்ளை பெற்ற வீடுகளில் இதனையும் சொல்லிவைக்கலாம்: நாயையும் பூனையையும் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்குக, அவை முகர்ந்த பாற்சங்கைக் கொதிநீரிலிடாமல் எடுக்கற்க.