தேங்காய்ப்பூத் துண்டு

விடுதியில் சேரும் மாணவி கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் 'டர்க்கி டவல் – 2' என்று இருக்கும். அதையே சில வீடுகளில் 'தேங்காய்ப்பூத் துண்டு' என்பார்கள். அவ்வாறு சொல்லும் தோழியைப் பார்த்துச் சிரிப்பவர்களும் நம்மிடையே உண்டு. சிரிக்குமுன் அந்தத் துணியைச் சற்று உற்று நோக்குவோம்.

சாதாரணத் துண்டுக்கு ஒரு பாவு போதும். இதற்கோ இரண்டு வேண்டும். ஒன்று இறுக்கமாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும்; மற்றது தளர்வாக விடப்பட்டிருக்கும். ஊடை இழைகள் இரண்டை நெய்த துணிக்குச் சற்றுத் தள்ளியே நிறுத்தி வைத்து, மூன்றாவது வந்தபின் மூன்றையும் சேர்த்து அடிப்பார்கள். அப்போது இறுகிய பாவு அசையாது. தளர்ந்த பாவு மட்டும் ஊடையோடு முன்னே தள்ளப்பட்டு, வளைந்து மேலெழும்பும். அவ்வளைவுகளே இரு புறமும் நாம் காணும் கண்ணிகள். துருவிய தேங்காயைப் பரப்பியது போன்ற தோற்றம் இதனால்தான் வருகிறது.

பஞ்சு இயல்பாகவே நீரை ஏற்கும். கண்ணிகளால் நீர் படும் பரப்பு பன்மடங்காகிறது. இழைகளின் இடையே நீர் ஏறுவது இயற்பியல் வகுப்பில் நாம் படித்த நுண்புழை ஏற்றமே.

துருக்கியர் தங்கள் துண்டை 'டர்க்கி' என்று சொல்வதில்லை, 'ஹவ்லு' என்கிறார்கள். 'ஹவ்' என்றால் துணியின்மேல் எழும்பி நிற்கும் இழைப்பூ. ஆக, துருக்கியரும் நம் பாட்டிமாரும் துணியைப் பார்த்தே பெயர் வைத்தார்கள். ஆங்கிலேயர் வைத்ததோ ஊர்ப்பெயர். ஹென்றி கிறிஸ்டி என்பவர் துருக்கியில் கண்ட இத்துணியைப் பிரிட்டனுக்குக் கொண்டுவர, அது இயந்திரத்தில் நெய்யப்பட்டு 1851ஆம் ஆண்டு லண்டன் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. எந்தப் பெயர் பொருளை நன்கு விளக்குகிறது என்று நீங்களே சொல்லுங்கள்!

'துவாலை' சுத்தத் தமிழ் என்று எண்ணுவோர் பலர். மேசை, சாவி, ஜன்னல் போல அதுவும் போர்ச்சுகீசியர் தந்ததே. அவர்களது 'துவால்யா'வும் ஆங்கில 'டவலும்' ஒரே குடும்பத்துச் சொற்கள். இலங்கைத் தமிழர் 'துவாய்' என்பர்.

வீட்டுக்குப் பயன்படும் செய்தி ஒன்று. புதுத் துண்டு நீரை உறிஞ்சாவிட்டால் கடைக்காரரைக் குறை கூற வேண்டாம். மென்மைக்காகப் பூசிய பொருள் இரண்டு மூன்று சலவையில் போய்விடும். துணியை மிருதுவாக்கும் திரவத்தை இதற்கு ஊற்றாதிருப்பதே நல்லது. அது இழையின்மேல் படிந்து நீரைத் தடுக்கும். கண்ணி ஒன்று நீண்டு தொங்கினால் இழுக்காதீர்கள், வரிசையாக வந்துவிடும். கத்தரியால் வெட்டிவிடுங்கள். அடித்துணிக்குத் தனிப் பாவு இருப்பதால் துண்டு பிரியாது.