விட்டதைப் பிடிக்க ஒரு கடைசி ரேஸ்

கிண்டிக்கு ரேஸ் ஆடப் போகிறவன் முதல் ரேஸில் தோற்றால் குடி முழுகிப் போகாது. அவனை முடிப்பது கடைசி ரேஸ்தான். திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் ஒருவர் இதைக் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். கேட்பவருக்கும் தன்னைப் போலவே ஏழாம் தேதி சம்பளம், ஞாயிறு லீவு, ஒரு பைக், வீட்டுக்குத் தெரியாத ஒரு ரேஸ் புக் எல்லாம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் பேசுகிறார்.

குதிரை தெரியாமல் தோற்றவர் என்று தன்னை யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. ஹேண்டிகேப் ரேஸில் ஜெயித்த குதிரைக்கு ரேட்டிங் ஏறும். ரேட்டிங் ஏறினால் அடுத்த முறை முதுகில் எடை கூடும். போன வாரம் சுலபமாக வந்த குதிரை இந்த வாரம் கடைசி இருநூறு மீட்டரில் ஏன் மூச்சு வாங்குகிறது என்று அவரால் விளக்க முடியும். பேடக்கில் குதிரைகளை நடத்திக் காட்டும்போது எல்லோரும் ஜாக்கியின் சட்டை நிறத்தைப் பார்ப்பார்கள். இவர் பார்ப்பது பின்னங்கால்களுக்கு இடையே. அங்கே வேர்வை சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகத் திரண்டிருந்தால், அந்தக் குதிரை ஓடுவதற்கு முன்பே பதற்றத்தில் தெம்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறது என்று கணக்கு. கழுத்தைத் தாழ்த்தி, காதை முன்னுக்கு வைத்து, நிதானமாக நடக்கிற குதிரைதான் அவர் மனசுக்குப் பிடித்தது.

அவர் சொல்லும் அந்த நாள், கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு அரசு சீல் வைப்பதற்கு முந்தைய சீசனில் வந்தது. பூந்தமல்லி, போரூர், கத்திப்பாரா என்று பைக்கில் போனது, டிக்கெட் எடுத்தது, முதல் இரண்டு ரேஸில் சும்மா நின்றது எல்லாவற்றையும் அவர் இரண்டே வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார். மூன்றாவது ரேஸில் ஒரு வின் வந்தது. அதற்குப் பிறகு வரிசையாக அடி. நடுவில், வாசலில் டிப்ஸ் விற்கிறவர் ஒருவர் சொன்னதை நம்பி, தானே குறித்து வைத்திருந்த குதிரையை விட்டுவிட்டு வேறொன்றில் போட்டிருக்கிறார். விட்ட குதிரை ஜெயித்தது. அந்த டிப்ஸ்காரர் மேல் இன்றும் கோபம் தணியவில்லை. “ஜெயிக்கிற குதிரை தெரிஞ்சவன் அதை ஏன் சார் நம்மகிட்ட காசுக்கு விக்கிறான்?” என்கிறார்.

ஆனால் அந்த நாளின் பெரிய சேதம் டிப்ஸ்காரரால் வந்ததல்ல. கடைசி ரேஸுக்கு முன்னால் அவர் பையில் வண்டிக்குப் பெட்ரோல் போடும் காசுதான் மிச்சம். வீட்டில் மகளின் காலேஜ் ஃபீஸுக்காக எடுத்த சீட்டுப் பணம் இருந்தது. கட்ட வேண்டிய கெடு அடுத்த வாரம். அப்போதுதான் ஒரு போன். ரேஸ் கோர்ஸுக்கு வெளியே போனில் பந்தயம் வாங்கி ‘புக்’ நடத்துகிறவரின் ஆள். “அண்ணே, காசு அப்புறம் பாத்துக்கலாம். எந்தக் குதிரைன்னு மட்டும் சொல்லுங்க.” கையில் நோட்டை எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தால் அவர் அந்தத் தொகையைக் கட்டியிருக்கவே மாட்டார். கடன் என்றதும் தொகை வாயில் சுலபமாக வந்துவிட்டது. அதிலும் நிதானமாக நடந்த ஃபேவரிட்டை விட்டுவிட்டு, அன்று விட்டது மொத்தத்தையும் ஒரே அடியில் திருப்பித் தரும் பந்தய விலையில் இருந்த குதிரையைச் சொன்னார். அது பின்வரிசையில் வந்து சேர்ந்தது. மறுநாள் சீட்டுப் பணம் போனது.

விட்டதைப் பிடிக்கப் பாயும் இந்தப் பழக்கத்தை ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பதிவு செய்திருக்கிறார்கள். அமெரிக்க ரேஸ் முடிவுகளை அலசிய மெக்கிளோத்லின் 1956இல் வெளியிட்ட கட்டுரையில், நாள் போகப் போக, விலை அதிகமான, வாய்ப்புக் குறைந்த குதிரைகள் பக்கம் ஆட்டக்காரர்கள் சாய்வதைக் காட்டினார். டேனியல் கானெமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலும் இது வருகிறது: தோல்வியோடு சமாதானம் ஆகாதவன், மற்ற நேரத்தில் தொடவே மாட்டாத பந்தயத்தைத் தொடுவான் என்பது அவர்கள் கண்டது. கானெமனுக்கு 2002இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

ரேஸ் கோர்ஸில் பந்தயப் பணத்தைச் சேர்த்துப் பிரிக்கும் டோட் எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் இந்தப் பழக்கத்தின் ஆபத்து இன்னும் புரியும். 1867இல் பாரிஸில் ஜோசப் ஓலர் தொடங்கி வைத்த முறை அது. ஆட்டக்காரர்கள் போட்ட பணம் ஒரே தொட்டியில் சேரும். வரியும் கிளப்பின் பங்கும் போக மிச்சத்தை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். ஒரு லட்சம் சேர்ந்து 20,000 கழிந்தால் மிச்சம் 80,000. ஜெயித்த குதிரையின் மேல் மொத்தம் 40,000 கட்டியிருந்தால் பத்து ரூபாய்க்கு இருபது திரும்பும்; கழிவே இல்லை என்றால் இருபத்தைந்து. இந்தக் கழிவு ஒவ்வொரு ரேஸிலும் நடக்கிறது. ஜிஎஸ்டி வந்த பிறகு பந்தயத் தொகையின் முழு மதிப்பின் மேலும் 28 சதவீதம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். பத்தாயிரத்துக்கு மேல் ஜெயித்தால் 30 சதவீத டிடிஎஸ் தனி. எனவே ஒரு நாளின் எல்லா ரேஸிலும் கை வைக்கிறவன், நல்ல குதிரைகளைத் தேர்ந்தெடுத்தாலும், தேய்ந்துகொண்டே போவான்.

போனில் ஆடுவது இனிப்பதற்கும் இந்த வரிதான் காரணம். அங்கே வரி இல்லை, நல்ல விலை, கடனும் உண்டு. “சூதாட்டம் இல்லைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சே” என்று திருமழிசைக்காரரும் சொல்லிப் பார்க்கிறார். தமிழக அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1986இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே கையகப்படுத்தச் சட்டம் போட்டது. கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்து செய்து, குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பின் நிழல் ரேஸ் கோர்ஸ் மதிலுக்குள் கட்டும் பந்தயத்துக்குத்தான். வெளியே போனில் பெயர் எழுதிக்கொள்கிறவருக்கு அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஜெயித்தால் பணம் வராமல் போனாலும் எந்த போலீஸ் ஸ்டேஷனிலும் போய்ச் சொல்ல முடியாது. தோற்றால் மட்டும் வீட்டு வாசலுக்கே ஆள் வரும்.

அவர் இப்போது சொல்லும் விதிகள் சுருக்கமானவை. கொண்டுபோகும் பணம் பையில் நோட்டாக இருக்க வேண்டும். ஜிபே இருக்கும் போனை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு ரேஸ் போதும். கடைசி ரேஸ் ஓடும்போது போரூரைத் தாண்டியிருக்க வேண்டும். கூட வரும் நண்பன் “மச்சான், இன்னும் ஒண்ணுதான்” என்று இழுத்தால், அடுத்த முறை அவனைக் கூட்டிப் போகவே கூடாது. இதில் கடைசி விதி ஒரு குறிப்பிட்ட நண்பரைக் குறிவைத்தது என்பது தெரிகிறது. இருந்தாலும் விதி சரியானதே.

அவர் ஆடிய கிண்டி மைதானத்தையே பிறகு அரசு பூட்டியது. 1945ஆம் ஆண்டின் குத்தகைப்படி அங்கே சுமார் 160 ஏக்கருக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப் தர வேண்டிய ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். வாடகை பாக்கி 730 கோடி என்று சொல்லி அரசு 2024 செப்டம்பர் 9 அன்று சீல் வைத்தது; கிளப் நீதிமன்றம் போனது. ஊட்டி ரேஸ் கோர்ஸையும் அதே ஆண்டு ஜூனில் அரசு எடுத்துக்கொண்டது. மைதானத்தைப் பூட்டலாம். போன் புக்கை அப்படிப் பூட்ட முடியவில்லை, அது திருமழிசை வரைக்கும் வந்து நிற்கிறது.

போன் புக்குக்குக் கடன்பட்டிருப்பவர்கள் அதை அடைக்க இன்னொரு ரேஸ் ஆட வேண்டாம். இன்று ராத்திரியே வீட்டில் சொல்லிவிடுங்கள். சொல்லத் துணிவில்லை என்றால் முதலில் 14416க்குப் போன் செய்யுங்கள். அது மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.